உங்களுக்குத் தெரியுமா? தோளில் விழும் உதை

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துப் பீரங்கி வெடித்தால் சில்லு வைத்த வண்டியோடு பின்னால் ஓடும். திரும்ப இழுத்து நிறுத்திவிட்டுத்தான் அடுத்த குண்டு போடலாம். தோளில் வைத்துச் சுடும் துவக்குக்குச் சில்லு இல்லை. அந்த ஓட்டம் முழுவதையும் தோள்தான் தாங்க வேண்டும்.

1840களில் இலங்கைக்கு வந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெரிய ரைபிள் 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸிடம் 1840இல் செய்வித்தது. 85 கிராம் குண்டுக்கு 28 கிராம் கரிமருந்து போட்டார். உதையைக் குறைக்க அன்று கைகண்ட வழி பாரம் ஒன்றுதான். அப்படிச் சுட்டுத் தள்ளிய காலம் இந்தத் தீவின் யானைகளுக்குப் பெரும் கேடு. காட்டுயிர்களைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. புத்தளத்துக்கு வடக்கே கடலைத் தொட்டுக் கிடக்கும் வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவானது.

இன்றைய வேட்டை ரைபிள் மூன்று, மூன்றரைக் கிலோதான். பாரம் செய்த வேலையை அதில் செய்வது மஸில் பிரேக்: குழலின் வாயில் புரியிட்டுப் பூட்டும், பக்கங்களில் துளை விட்ட சிறு உலோகத் துண்டு.

அது எப்படி வேலை செய்கிறது? உதை முழுவதும் ரவையால் வருவதல்ல. 30-06 வகை ரைபிளில் ரவை 11.7 கிராம், மருந்து சுமார் 3.6 கிராம். ரவை செக்கனுக்கு 820 மீற்றர் வேகத்தில் போகிறது; பின்னால் பீறிடும் வாயுவோ 1,200 மீற்றர் அளவில் பாய்கிறது. பாடசாலையில் படித்த உந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்த உதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாயுவுடையது. அந்த வாயு முன்னால் பாயாமல் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் தோளில் விழும் சக்தி பாதியாகக் குறையும். வாயுவைப் பக்கவாட்டில் மட்டும் திருப்பும் பிரேக் ரவையின் பங்கைத் தொடாது.

இங்கேதான் நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. வண்ணாத்திவில்லுப் பக்கம் பன்றிக்குப் பயந்து பயிர்க்காவல் இருப்பவர் கையில் இருப்பது 12 போர் துவக்கு. அதில் 32 கிராம் சன்னத்துக்கு மருந்து இரண்டு கிராம்கூட இல்லை. வாயுவின் பங்கு வெகுவாக இறங்கிவிடுகிறது. குழல் வாயில் அழுத்தமும் குறைவு. ஆகவே அந்தத் துவக்குக்கு பிரேக் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம். 36 கிராம் தோட்டாவை விட்டு 28 கிராம் தோட்டாவுக்கு மாறுங்கள், துவக்கின் கட்டைக்கு நல்ல ரப்பர் மெத்தை போடுங்கள். தோளுக்கு உடனே தெரியும்.

வெளிநாட்டில் உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போகும் நம்மவர் ரைபிளுக்கு பிரேக் வாங்குவதானால் முதலில் எடையைப் பாருங்கள். குழல் நுனியில் கூடும் 100 கிராம் நாள் முழுக்கக் காட்டில் நடக்கும்போது கையை இழுக்கும். உருக்கில் 100 கிராம் வரும் அதே வடிவம் டைட்டேனியத்தில் 57 கிராம்தான். அலுமினியத்தில் இன்னும் குறையும், ஆனால் உப்புக் காற்றில் அலுமினியமும் உருக்கும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிபடும். கற்பிட்டி மீனவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளி இணைப்பு இயந்திரத்தின் உடம்பைக் காக்க நாகத் துண்டு பூட்டி வைப்பவர்கள் அவர்கள். டைட்டேனியம் கடற்காற்றில் துருப்பிடிக்காது. புரியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் குணம் மட்டும் அதற்கு உண்டு. பூட்டுமுன் புரி இறுகாமல் காக்கும் கிரீஸ் கொஞ்சம் தடவ வேண்டும்.

சுற்றிலும் துளை உள்ள பிரேக்கை மணல் தரையில் படுத்துச் சுட்டால் கண்ணெல்லாம் மணல். பக்கத் துளை மட்டும் உள்ளது மேல். எதைப் பூட்டினாலும் ரவை விழும் இடம் மாறும். குறியை மறுபடி சரிபார்க்காமல் விலங்கின் மீது சுடுவது பாவம்.

மஸில் பிரேக்கையும் சைலன்சரையும் ஒன்றென்று நினைப்பவர் பலர். உண்மை நேர்மாறானது. வேட்டை ரைபிளின் வெடியோசை சுமார் 160 டெசிபல். காதுக்கு ஆபத்தான எல்லை 140. பிரேக் வாயுவைப் பக்கமாகத் திருப்புவதால் ஓசை சுடுபவர் பக்கம் இன்னும் 5 முதல் 10 டெசிபல் கூடுகிறது. அதிகம் வாங்குவது பக்கத்தில் இருப்பவர். பரணில் தகப்பனோடு காவலிருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தோள் கன்றினால் ஒரு வாரத்தில் ஆறும். உட்காதில் செத்த மயிர்க்கலங்கள் மறுபடி முளைப்பதில்லை. காதடைப்பான் சுடுபவருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று. பிரேக்கின் விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.