வைத்தியசாலையில் பெருநாள்: நோயுற்ற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

 



பெருநாள் தினத்தில் புத்தாடை அணிந்து, தக்பீர் முழங்கி, தொழுகை முடிந்து வீடு திரும்பும் எமது பிள்ளைகளின் கைகளில் பெருநாள் காசு நிறைகிறது. அதே வேளையில் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும், பேராதனை சிறுவர் வைத்தியசாலையிலும், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையின் சிறுவர் விடுதிகளிலும், எமது ஊர் வைத்தியசாலைகளிலும் கட்டில்களில் கிடந்தபடியே பெருநாளைக் கழிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களைத் தேடிச் செல்லும் நல்ல வழக்கம் எமது பள்ளிவாசல்களிலும் இளைஞர் அமைப்புகளிலும் காணப்படுகின்றது. அல்லாஹ் அதனை ஏற்றுக்கொள்வானாக! ஆயினும், நல்ல எண்ணத்தோடு கொண்டு செல்லப்படும் ஒரு பொதி சில வேளை பிள்ளைக்குத் தீங்காக முடிந்துவிடுகிறது. எனவே எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்பதை அறிந்திருத்தல் எமது கடமையாகும்.

நபிவழி காட்டும் பாடம்

அனஸ் (ரழி) அவர்களுக்கு அபூ உமைர் என்றழைக்கப்பட்ட ஒரு சின்னத் தம்பி இருந்தார். அவர் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றி அவரிடமே அன்போடு விசாரித்தார்கள். பெரியோர் பொருட்படுத்தாத ஒரு குருவி, அப்பிள்ளையின் வயதில் பெரும் விடயம் என்பதை அன்னார் அறிந்திருந்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும் அனுமதித்தார்கள். இவை புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. தமக்குப் பணிவிடை செய்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றபோது, நபியவர்கள் அவனது வீடு சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்பதும் புகாரியில் உள்ளது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. பிள்ளையை அதன் வயதோடு அணுக வேண்டும். நோயுற்ற பிள்ளை எச்சமயத்தைச் சார்ந்ததாயினும் எமது அன்புக்கு உரியதாகும்.

முதலில் கேளுங்கள்

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே விடுதிப் பொறுப்புத் தாதியைச் சந்தியுங்கள். எத்தனை பிள்ளைகள், என்னென்ன வயதினர், எம்மொழி பேசுவோர், எவருக்கு என்ன தடை, எந்நேரம் வரலாம் என்று கேட்டறியுங்கள். நோயின் பெயரைத் துருவிக் கேட்பது எமது வேலையல்ல.

உணவு விடயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வட்டிலாப்பமும் இனிப்புப் பண்டங்களும் இன்றிப் பெருநாள் ஏது என்று எமக்குத் தோன்றலாம். ஆனால் நீரிழிவுள்ள பிள்ளைக்குச் சீனியும், சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு உப்பும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். சத்திர சிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். அதற்கு ஊட்டப்படும் ஒரு கரண்டி வட்டிலாப்பம் அன்றைய சிகிச்சையையே பிற்போடச் செய்துவிடும். தலசீமியா நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் பிள்ளைகளின் உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேர்கின்றது. அது இதயத்தையும் ஈரலையும் பாதிக்கும். 'இரத்தம் குறைந்த பிள்ளை' என்று இரங்கி இரும்புச்சத்து டொனிக் வாங்கிக் கொடுப்பது அப்பிள்ளைக்குத் தீங்காகும். ஆகவே தாதியின் அனுமதியின்றி எந்தப் பிள்ளையின் வாயிலும் எதையும் வைக்காதீர்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்படும் பிள்ளைகளின் உடலில் கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைந்துவிடும். எமக்குச் சாதாரணமான தடிமலும் அவர்களுக்கு உயிராபத்தாகலாம். பூக்கள், பூச்சாடிகள், பாவித்த பஞ்சுப் பொம்மைகள் ஆகியன கிருமிகளைச் சுமந்து வரும். கழுவவோ துடைக்கவோ கூடிய புதிய பொருட்களே அவர்களுக்கு உகந்தவை. தடிமல், காய்ச்சல் உள்ளவர் அன்று வீட்டிலிருந்து துஆச் செய்வதே சிறந்த நலம் விசாரிப்பாகும்.

வயதுக்கேற்ற அன்பளிப்பு

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு: கழுவக்கூடிய கிலுகிலுப்பை, உறுதியான வளையங்கள், கெட்டித்தாள் படப்புத்தகம் போன்றவை போதும். நீண்ட நாடாவோ கயிறோ பொருத்தியவை வேண்டாம்.

ஒன்று முதல் மூன்று வயது வரை: கைக்கெட்டியதெல்லாம் வாய்க்குப் போகும் பருவம் இது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் கிண்ணங்கள், பெரிய கட்டைகள், கழற்ற முடியாத சக்கரமுள்ள வண்டிகள் பொருத்தமானவை. பாகங்கள் சிறுபிள்ளையின் தொண்டைக்குள் போகாத அளவு பெரியனவாக இருத்தல் வேண்டும். பலூன் வெடித்த துண்டு மூச்சை அடைக்கும். பொத்தான் போன்ற சிறு பற்றறி விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே அதனைக் கருக்கிவிடக் கூடும். சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்துத் துளைக்கும். மூத்த பிள்ளைக்குக் கொடுத்தது பக்கத்துக் கட்டில் குழந்தையின் கைக்கும் போகும் என்பதால், இவற்றை விடுதிக்குள் கொண்டு செல்லாதிருப்பதே நல்லது.

நான்கு, ஐந்து வயதில்: வர்ணப் பென்சில்கள், வர்ணம் தீட்டும் புத்தகம், வைத்தியர் விளையாட்டுப் பெட்டி. ஊசிக்கு அஞ்சும் பிள்ளை தன் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடுகையில் அதன் உள்ளத்து அச்சம் சற்று வெளியேறுகின்றது.

ஆறு முதல் ஒன்பது வயதில்: கதைப் புத்தகம், படத்துண்டுகளை இணைக்கும் விளையாட்டு, பாம்பும் ஏணியும் போன்றவை. ஒரு கையில் சேலைன் ஏற்றப்பட்டிருக்கும் என்பதை நினைவிற் கொண்டு, ஒரு கையாலும் விளையாடக் கூடியதைத் தெரிவு செய்யுங்கள்.

பத்து முதல் பன்னிரண்டு வயதில்: சதுரங்கம், டாம், புதிர்ப் புத்தகம், சித்திரக் கொப்பி. பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு சேர்ந்து விளையாடக் கூடியது தனிமையைப் போக்கும்.

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோரைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். அவர்களிடம் வர்ணப் புத்தகத்தை நீட்டினால் வெட்கித் தலைகுனிவர். நல்ல பேனையும் நாட்குறிப்பும், வயதுக்கேற்ற நூல், தொலைபேசி மீள்நிரப்பு அட்டை என்பன அவர்களது கண்ணியத்தைக் காக்கும். சிகிச்சையால் முடி உதிர்ந்த யுவதிக்கு மென்மையான பருத்தித் துணியாலான பர்தாவோ தொப்பியோ, தாயின் மூலம் தனிமையில் கொடுக்கப்படின், அது அவளுக்குப் பேருதவியாகும்.

கொடுக்கும் ஒழுங்கு

ஒரு விடுதிக்குச் சென்றால் அங்குள்ள அனைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். தம் மக்களுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்ய முற்பட்ட தந்தையை நபியவர்கள் தடுத்து, பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு பணித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சிங்களப் பிள்ளையும், தமிழ்ப் பிள்ளையும் ஏங்கிப் பார்த்திருக்க, எமது பிள்ளைக்கு மட்டும் கொடுத்துத் திரும்புவது அந்நீதிக்கு ஒவ்வாது. புத்தகங்களை இரு மொழிகளிலும் எடுத்துச் செல்லுங்கள். ஒலி எழுப்பும் பொருட்கள் அயலில் உறங்கும் நோயாளிக்குத் தொல்லையாதலால் அவற்றைத் தவிருங்கள். பொதிகளை ஒட்டிச் சுற்றாது திறந்தபடியே கொண்டு சென்றால் தாதியர் பரிசீலிக்க இலகுவாயிருக்கும்.

பிள்ளையின் படத்தை எடுத்து முகநூலில் இடாதீர்கள். நோயின் கோலத்தில் தன்னை உலகுக்குக் காட்ட எப்பிள்ளை விரும்பும்? கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் மனதைப் புண்படுத்துவதும் தர்மத்தின் நன்மையை அழித்துவிடும் என்று அல்குர்ஆன் ஸூரத்துல் பகராவில் எச்சரிக்கின்றது.

செலவு எதிலிருந்து என்ற வினாவும் எழும். ஸகாத் எட்டுக் கூட்டத்தாருக்கென அல்லாஹ் வரையறுத்த நிதி. வசதியுள்ளோரும் வறியோரும் கலந்திருக்கும் விடுதிக்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்க அதனைப் பயன்படுத்தாது, ஸதகாவாகவும் ஹதியாவாகவும் தனியாகச் சேர்த்துச் செய்யுங்கள்.

மற்றொன்று: பெருநாளன்று கட்டில் நிறையப் பொருட்கள் குவியும், இரு வாரங்களின் பின் எட்டிப் பார்ப்பார் எவருமிரார். தலசீமியாப் பிள்ளைகள் சில வாரங்களுக்கொரு தடவை, ஆண்டாண்டாக வைத்தியசாலை வருகின்றனர். ஆகவே சேகரித்ததில் ஒரு பகுதியை அடுத்த மாதங்களுக்கென ஒதுக்குங்கள். ஆனால், வர முடியாதெனில் 'மீண்டும் வருவேன்' என்று சொல்லாதீர்கள். பிள்ளையை 'வா, தருகிறேன்' என்றழைத்த ஒரு தாயிடம், எதைக் கொடுக்க எண்ணினாய் என வினவிய நபியவர்கள், கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று உணர்த்தியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளுள் ஒன்று நோயுற்றிருப்பின், வீட்டில் உம்மம்மாவோடு விடப்பட்டிருக்கும் மற்றப் பிள்ளைக்கும் ஓர் அன்பளிப்பு வேண்டும். அதுவும் தாயைப் பிரிந்தே பெருநாளைக் கழிக்கிறது. இளைஞர்களே! கட்டிலருகே இரவு பகலாய் விழித்திருக்கும் அத்தாய்க்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் மறவாதீர்கள்.

யா அல்லாஹ்! நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வாயாக! அவர்களது பெற்றோருக்குப் பொறுமையையும், எமது கொடைகளுக்குத் தூய்மையையும் அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.