படத்துக்கு அடுத்த காட்சி தெரியும்

இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றில் 2,16,000 பிரேம்கள் இருக்கும். முழு எச்டி தரத்தில் ஒரு பிரேமுக்கு 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தை எழுதி வைக்க 24 பிட் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 119 கோடி பிட்; படத்தை அப்படியே சேமித்து வைக்க 1.3 டெராபைட். ஆனால் நம் வீட்டு இணையத்தில் அதே படம் நொடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் பிட்டில் வந்து சேர்கிறது. இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு ஓடையிலிருந்து முழுப் படத்தையும் விரித்துக் காட்டுவது டிவியின் பின்னால் செருகியிருக்கும் விரல் நீளக் கருவி, அதாவது ஸ்ட்ரீமிங் ஸ்டிக். அதற்குச் செலவாகும் மின்சாரம் பெரும்பாலும் ஐந்து வாட்டைத் தாண்டுவதில்லை.

கேம் அதிகம் ஆடாத வீட்டில் டிவிக்கு எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை இந்த விரித்தல் நடக்கும் விதத்தில்தான் இருக்கிறது. “காசு போனாலும் பரவாயில்லை, கேமிங் கன்சோலே வாங்கிவிடலாம்; சக்தி அதிகம், படமும் நன்றாகத் தெரியும்” என்று பலர் நினைக்கிறார்கள். சக்தி அதிகம் என்பது உண்மைதான். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 கன்சோல் நொடிக்குப் பத்து லட்சம் கோடிக்கு மேல் கணக்குப் போடும். நினைவகம் 16 ஜிபி. சாதாரண ஸ்டிக்கில் ஒன்றோ இரண்டோ ஜிபிதான் இருக்கும். ஆனால் அந்தச் சக்தியில் மிகப் பெரும்பகுதி படம் பார்க்கும்போது வேலையே இல்லாமல் கிடக்கிறது.

கேம் ஆடுபவர் அடுத்த கணம் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று கருவிக்குத் தெரியாது. இடதுபக்கம் திரும்பினால் இடதுபக்கத்துச் சுவர், அதில் விழும் வெயில், நிழல் எல்லாவற்றையும் நொடியின் அறுபதில் ஒரு பங்கில் புதிதாகக் கணக்கிட்டு வரைய வேண்டும். கொடுத்த சொல்லை வைத்துச் சபையிலேயே வெண்பா கட்டும் ஆசுகவியின் வேலை அது. படம் ஓட்டும் கருவியோ ஏற்கெனவே ஏட்டில் இருப்பதைப் பிழையில்லாமல் ஓதினால் போதும். திரைப்படத்துக்குத் தன் அடுத்த காட்சி தெரியும். வீடியோச் சுருக்கக் கலையின் பெரும்பகுதி இந்த ஒரு வசதியைப் பிழிந்தெடுத்து வளர்ந்ததுதான்.

சாலையில் ஒரு பஸ் நகர்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பிரேமிலும் பஸ்ஸைப் புதிதாக வரைந்து அனுப்புவதில்லை. “போன பிரேமில் இருந்த இந்தக் கட்டத்தை எட்டுப் புள்ளி வலப்பக்கம் தள்ளு” என்று ஒரு குறிப்பு மட்டும் வரும். சரி, பஸ் நகர்ந்ததும் அதன் பின்னால் மறைந்திருந்த சுவர் வெளிப்படுமே, அதை எங்கிருந்து எடுப்பது? போன பிரேமில் அந்தச் சுவர் இல்லை. இனி வரப்போகும் பிரேமில் இருக்கிறது! ஆகவே பின்னால் வர வேண்டிய பிரேமை முன்னதாகவே அனுப்பிவிட்டு, இடையில் உள்ளதை இரண்டு பக்கமும் பார்த்து நிரப்பச் சொல்கிறார்கள். உங்கள் டிவியில் படம் ஓடும்போது பிரேம்கள் வந்து சேரும் வரிசை வேறு, திரையில் தோன்றும் வரிசை வேறு. நாளையைப் பார்த்து இன்றை வரையும் இந்த உத்தி 1993இல் வெளியான எம்பெக்-1 தரத்திலேயே இருந்தது. வீடியோத் தொழில்நுட்பத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

கட்டங்களை நகர்த்திய பிறகும் மிச்சம் இருக்கும் சிறு வேறுபாடுகளைச் சுருக்கும் கணிதத்தை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. படத்தின் ஒரு சிறு கட்டத்தைப் பல அலைகளின் கூட்டாக எழுதினால், கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்ணிய அலைகளைத் துணிந்து விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். இதை ஆராய 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் தொடர்ந்து, தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974இல் ஆய்வுரையாக வெளியிட்டார். இன்று செல்பேசியில் எடுக்கும் ஜேபெக் புகைப்படம் முதல் ஓடிடி படம் வரை அந்தக் கணிதம் ஏதாவது ஒரு வடிவில் வேலை செய்கிறது.

கடினமான தீர்மானங்களையெல்லாம் சுருக்கி அனுப்பும் நிறுவனத்தின் கணினிகள் ஒருமுறை, ஆற அமர, எடுத்துவிடுகின்றன. எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது, எதை விடலாம் என்ற தேடல் முழுவதும் அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக் கருவி குறிப்புகளைப் பின்பற்றினால் போதும். அந்த ஒரே வேலைக்கென்று சிப்புக்குள் தனிச் சுற்றே செதுக்கியிருக்கிறார்கள். ஐந்து வாட் போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே. அதே படத்தைக் காட்டக் கன்சோலுக்குப் பல பத்து வாட் வேண்டும்.

ஆக, வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது கருவியின் வேகத்தை அல்ல, அதற்கு எந்தெந்தச் சுருக்க முறைகளை விரிக்கத் தெரியும் என்பதை. 2003இல் வந்த எச்.264 எல்லாக் கருவிகளுக்கும் தெரியும். 2013இல் வந்த எச்இவிசி ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தரத்தைத் தரும். 4கே படங்களுக்கு அது பெரிதும் பயன்படுகிறது. 2018இல் வந்த ஏவி1 உரிமக் கட்டணம் இல்லாமல் இன்னும் சிக்கனமாகச் சுருக்கும். சிப்பில் செதுக்காத சுற்றைப் பின்னாளில் மென்பொருள் அப்டேட்டால் சேர்க்க முடியாது. கூகுள் 2020இல் விற்ற 4கே குரோம்காஸ்டில் ஏவி1 சுற்று இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதைவிட மலிவாக வந்த எச்டி குரோம்காஸ்டில் இருந்தது. விலையோ பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்தோ இதைச் சொல்லாது. கன்சோலிலும் இப்படி நடப்பதுண்டு. படத்தின் ஒளி, நிற வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் டால்பி விஷன் வசதி பல ஸ்டிக்குகளில் உண்டு; அது பிளேஸ்டேஷன் 5 வெளியானபோது அதில் இல்லை.

அடுத்தது பூட்டு. ஓடிடி நிறுவனங்கள் படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு வகைக் கருவிகளில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். சாவியைச் சிப்பின் பாதுகாப்பான அறைக்குள் வைத்திருக்கும் கருவிக்கு எல்1 தகுதி. அந்த அறை இல்லாதவை எல்3. எல்3 என்றால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் பழைய டிவித் தரத்துக்கு மேல் படத்தைத் தரமாட்டா. பெட்டியில் 8கே என்று அச்சடித்து மலிவாக விற்கும் பெயர் தெரியாத பெட்டிகள் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன. அவற்றில் வேறொரு ஆபத்தும் உண்டு. தொழிற்சாலையிலிருந்தே தீநிரல் ஏறிவரும் இத்தகைய பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க இந்தப் பெட்டிகளை வீட்டு வைஃபைக்குள் விடாதீர்கள்.

கேமரா மெதுவாக ஒரு வயல்வெளியைச் சுற்றிவரும் காட்சியில் படம் லேசாகத் தத்தித் தத்தி நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். இணையத்தின்மேல் பழிபோடுவோம். பெரும்பாலும் அது கணக்குச் சிக்கல். சினிமா நொடிக்கு 24 பிரேம். கருவி டிவிக்கு அனுப்புவது நொடிக்கு 60. அறுபதை இருபத்துநாலால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதனால் ஒரு பிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டுகிறார்கள். ஒன்று 50 மில்லி நொடி நிற்க, அடுத்தது 33இல் போய்விடுகிறது. மூல பிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவியை மாற்றும் அமைப்பு சில கருவிகளில் உண்டு. ஆனால் அதை நாமே தேடி இயக்க வேண்டியிருக்கலாம். படத்தை நேசிப்பவர்கள் வாங்குமுன் இதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

இணையத்தால் வரும் தடங்கல் வேறு வகை. படம் சில நொடித் துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். கருவி இணையத்தின் வேகத்தை அளந்து அடுத்த துண்டுக்கு ஏற்ற தரத்தைக் கேட்டு வாங்கி, முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அடுத்த காட்சி ஏற்கெனவே இருப்பதால்தான் இப்படிச் சேமிக்கவே முடிகிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்தால்தான் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். டிவியின் உலோக முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்டிக்குக்கு வைஃபை அலை சரியாக எட்டாமல் போகலாம். பல ஸ்டிக்குகளோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரை மாட்டினால் அதுவே போதுமானதாக இருக்கும். மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்க வேண்டாம். பழைய வகைத் துளை இரண்டரை வாட்தான் தரும், ஸ்டிக் நடுப்படத்தில் அணைந்து எழும். கூட வரும் அடாப்டரையே செருகுங்கள்.

கன்சோலுக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. வீட்டில் 4கே புளூ-ரே தட்டுகள் இருந்தால் தட்டுப் பகுதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அவற்றையும் ஓட்டும். தட்டில் உள்ள படத்துக்கு நொடிக்குச் செலவாகும் பிட் இணையத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். எப்போதாவது ஒரு கேம் ஆடிப் பார்க்கத் தோன்றினால், தொலைவில் உள்ள கணினியில் கேமை ஓட்டிப் படத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் சேவைகள் சில ஸ்டிக்குகளிலும் கிடைக்கின்றன. அங்கே மட்டும் ஸ்டிக்குக்கு எதிர்காலம் தெரியாது. நீங்கள் அழுத்தும் பொத்தான் தொலைவிலுள்ள கணினியைச் சேர்ந்து படம் திரும்பி வரும்வரை எதையும் முன்கூட்டிச் சேர்க்க முடியாது. வரப்போகும் பிரேமைப் பார்த்து நிரப்பும் உத்தியும் கைகொடுக்காது. அந்த ஆசை உள்ள வீட்டில் ரூட்டரிலிருந்து கருவிக்கு நேராக லேன் வயர் இழுத்துவிடுங்கள். ஸ்டிக்கில் அந்தத் துளை இல்லையென்றால் அதற்கான அடாப்டர் தனியாகக் கிடைக்கும்.