மொட்டைமாடியில் செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலரைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மதுரையில் நல்ல வெயில் விழும் மொட்டைமாடித் தொட்டியிலேயே செங்காந்தள் பூக்கும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே இதைத் தோட்டம் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். அங்கே கேட்டால் கண்வலிக்கிழங்கு என்பார்கள்.

கிழங்கு கலப்பைபோல இரு கையாக வளைந்திருக்கும். கை நுனியில்தான் முளை வரும். அது ஒடிந்தால் அந்தக் கை வீண். ஆடியில் செம்மண், மணல், மட்கிய எரு கலந்து நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். திருமங்கலத்துக் கரிசலைத் தொட்டியில் நிரப்ப வேண்டாம். அது நீரைப் பிடித்துவைக்கும், கிழங்கு அழுகிவிடும்.

இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்வதால் கொடிக்குத் தடித்த கம்பம் உதவாது. விவசாயிகள் கிளுவை வேலியில் ஏற்றுவார்கள். வீட்டில் மெல்லிய குச்சிகளோ கம்பிவலையோ போதும்.

பூ தலைகீழாகத் தொங்க, ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, நாளுக்கு நாள் சிவக்கும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகிப் போகிறது. தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாதபடி இப்படியொரு அமைப்பு! அதனால்தான் விதை வேண்டுவோர் காலையில் பூப்பூவாய்ச் சென்று கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். அந்த உழைப்பை அறிந்தபின் இந்தப் பூவின்மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஆனால் செடி முழுக்க நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் செல் பிரிவதையே நிறுத்திவிடும். மிகச் சிறிய அளவில் அது யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்து. அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. குழந்தைகளோ ஆடு, நாயோ நெருங்கும் இடத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள். கிழங்கைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் கொடி மஞ்சளித்துக் காயும். செத்துவிட்டதென்று பலர் தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள், அல்லது பாவம் பார்த்து நீரூற்றி அழுக வைக்கிறார்கள். பழைய கிழங்கு சுருங்கிப்போக, புதுக் கிழங்கு உள்ளே உறங்குகிறது. கோடை முழுக்க ஒரு சொட்டு நீர்கூட வேண்டாம். மழை படாத ஓரமாகத் தொட்டியை நகர்த்திவைத்து, முளை தெரிந்தபின் மறுபடி நீர் விடுங்கள்.