தண்ணீரை அளந்த பிறகே தோட்டம்

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, விதையிலிருந்து தொடங்கியது. எங்கள் வெள்ளகோவில் பகுதி மழை குறைந்த மேட்டுப்பூமி. பள்ளித் தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் தை மாதம் காய்த்தன. கோடை விடுமுறையில் கருகின. ஜூனில் திரும்பிய குழந்தைகள் வெறும் குச்சிகளைத்தான் பார்த்தார்கள்.

மறு ஆண்டு, ஊரும் பள்ளியும் சேர்ந்து நடத்தும் பொதுத்தோட்டமாகத் திட்டமிட்டோம். மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேடினோம்.

தண்ணீர் எவ்வளவு? சத்துணவுக்குப் பின் கை, தட்டு கழுவும் நீரை ஐந்தாம் வகுப்பினர் வாளியில் பிடித்து அளந்தார்கள். நாளொன்றுக்கு 90 லிட்டர். செடிக்கு 3 லிட்டர் எனில் 30 செடிகள். வகுத்தலை அன்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

எது தாங்கும்? அருகிலிருந்த கொரங்காட்டுக்குப் போனோம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் ஆகிய மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடுகளை வளர்த்த நிலம். அங்கிருந்த பெரியவர் கொடுத்த கிளுவைப் போத்துகளே எங்கள் வேலி. ஐப்பசி மழையில் முருங்கைப் போத்துகளையும் நட்டோம்.

விடுமுறையில் யார் பார்ப்பது? அப்போது சத்துணவும் இல்லை, கழுவும் நீரும் இல்லை. எனவே கோடையில் முருங்கை மட்டும் நிற்கும்படி பட்டியலிட்டோம். விசைத்தறி வேலைக்குப் போகும் பெற்றோர் வாரம் இரு குடும்பமாக முறை வைத்துக் குடத்தில் ஊற்றினார்கள். கீரையும் காயும் அவர்களுக்கே.

இந்த ஜூனில் குழந்தைகள் பார்த்தது பச்சை. நீங்கள் தொடங்குவதானால், விதை வாங்கும் முன் ஒரு வாரம் தண்ணீரை அளந்து எழுதுங்கள்.