கவட்டைக் குச்சி ஏன் வளைகிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை. திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு வருடத்தில் பல மாதங்கள் வெறும் மணலாகவே கிடக்கும். ஆகவே மழை பொய்த்த ஆண்டுகளில் மனிதர்கள் மண்ணுக்குள் நீரைத் தேடுகிறார்கள்.

கிணறு வெட்டினாலும் சரி, போர் போட்டாலும் சரி, முதலில் அழைக்கப்படுபவர் நீரோட்டம் பார்ப்பவர். கவட்டை வடிவில் ஒடித்த வேப்பங்குச்சியை இரு கைகளிலும் இறுகப் பிடித்துக்கொண்டு அவர் புஞ்சையில் நடப்பார். சிலர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொள்வதும் உண்டு. ஓரிடத்தில் குச்சி வெடுக்கென்று திரும்பும். தேங்காய் எழுந்து நிற்கும். "இங்கே ஓட்டம் இருக்கிறது" என்பார். அவர் காலால் கீறிக் காட்டிய இடத்தில் சில நூறு அடி ஆழத்துக்குத் துளை இறங்கும். அதற்கான பணம் பல வீடுகளில் நகையை அடகு வைத்து வாங்கியதாக இருக்கும்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது சரியல்ல. பெரும்பாலோர் உள்ளபடியே நம்பித்தான் செய்கிறார்கள். குச்சி திரும்புவதும் கண்கட்டு வித்தையல்ல, உண்மையாகவே திரும்புகிறது. அதைத் திருப்புவது எது என்பதுதான் கேள்வி.

மாணவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முழ நூலின் நுனியில் சட்டைப் பொத்தானைக் கட்டுங்கள். மறுநுனியை விரல்களால் பிடித்து, ஒரு காகிதத்தில் வரைந்த வட்டத்தின் மேல் தொங்கவிடுங்கள். கையை அசைக்காதீர்கள். பொத்தான் வட்டத்தைச் சுற்றி வருவதாக மனத்தில் மட்டும் நினையுங்கள். சற்று நேரத்தில் அது சுற்றத் தொடங்குவதைப் பலர் காண்பீர்கள். "நான் அசைக்கவில்லையே!" என்று வியப்பீர்கள். இப்போது முழங்கையையும் மணிக்கட்டையும் மேசையின் மேல் அழுத்தி ஊன்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் தணிந்துவிடும்.

பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரூல் இதைத்தான் செய்தார். (102 வயது வரை வாழ்ந்த மனிதர் இவர்!) பாதரசத்தின் மேல் ஊசல் தானாக ஆடுவதாக அக்காலத்தில் பலர் நம்பினர். அவர் பிடித்தபோதும் அது ஆடியது. ஆனால் கையைத் தாங்கலின்மேல் வைத்தபோது ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டபோது, கீழே என்ன இருக்கிறது என்பதற்கும் ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லாமற் போயிற்று. ஊசலை ஆட்டியது தம் கையே என்பதை 1833-இல் ஆம்பியருக்கு எழுதிய கடிதமாக வெளியிட்டார். எண்ணமே, நாம் அறியாமல், தசையை அசைக்கும் இந்த விளைவுக்கு 1852-இல் ஆங்கில உடலியல் அறிஞர் கார்ப்பென்டர் பெயர் சூட்டினார்.

கவட்டைக் குச்சிக்கும் சிறு தூண்டுதலே போதும். அதன் இரு கிளைகளையும் வெளிப்புறமாக விரித்துப் பிடிக்கும்போது அது வளைத்த வில்லைப்போல் விறைத்து நிற்கிறது. மணிக்கட்டு துளி திரும்பினாலே முழுக் குச்சியும் புரண்டுவிடும். பிடித்திருப்பவருக்கு, யாரோ கீழிருந்து இழுத்தது போலத்தான் இருக்கும்.

"அப்படியானால் அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வருகிறதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து பொடிந்திருக்கும். கீழே வெடிப்புகள் ஓடும். மழைநீர் இந்தச் சிதைவிலும் வெடிப்பிலும் தங்குகிறது. ஓர் ஊரில் குருட்டாம்போக்கில் பத்து இடத்தில் துளையிட்டாலே ஆறில் நீர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குச்சி பிடித்தவருக்கும் பத்தில் ஆறு வெற்றி கிடைக்கும், குச்சி பிடிக்காத உங்களுக்கும் கிடைக்கும். நீர் வந்த ஆறு கிணறுகள் ஊரார் கண்முன் நிற்கின்றன. வராத நான்கும் மூடப்பட்டு மறக்கப்படுகின்றன. அல்லது "இன்னும் ஐம்பதடி போயிருக்க வேண்டும்" என்று காரணம் சொல்லப்படுகிறது. மேலும், அனுபவசாலியின் கண் தாழ்ந்த நிலத்தையும் பச்சை மாறாத மரத்தையும் புற்றையும் கவனித்திருக்கலாம். அந்த அறிவுக்கு உரிய பெருமையைக் குச்சி தட்டிக்கொண்டு போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

இதைப் பிரித்தறிய அன்றைய மேற்கு ஜெர்மனியில், மியூனிக் அருகே, 1987-88-இல் ஒரு பெரிய சோதனை நடந்தது. சுமார் 500 பேரைப் பார்த்து, அவர்களில் 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு தள்ளுக் கொட்டகை ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு நீர்க்குழாய். அதைப் பத்து மீட்டர் நீளக் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். எங்கு நிறுத்துவது என்பது குலுக்கல் போலத் தற்செயலாக முடிவாகும். மேல்தளத்தில் குச்சியுடன் நடப்பவர் குழாய் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். 843 முறை சோதித்தார்கள். பெரும்பாலோருக்குத் திறமை தென்படவில்லை, சிலருக்கு மட்டும் உண்டு என்றனர் நடத்தியவர்கள். அதே எண்களைப் பின்னர் மறுபடி ஆராய்ந்த அமெரிக்க அறிவியலர் எனரைட், அந்தச் சிலரின் வெற்றியும் தற்செயலாக வரக்கூடிய அளவே என்று காட்டினார்.

கொட்டகையில் நடந்தவர்கள் ஒன்றும் தயங்கித் தயங்கிச் சொன்னவர்களல்லர். தங்கள் கைத்திறனை நம்பி வந்தவர்கள். "அவருக்கு அது உண்மை, எனக்கு இது உண்மை" என்று இதைச் சமாதானமாக முடித்துவிட முடியுமா? குச்சி இழுத்ததாக உணர்ந்தது அவருடைய உண்மைதான். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய உறுதி அவர் மனத்தைப் பற்றிய செய்தி. முந்நூறு அடிக்குக் கீழே பாறை வெடித்திருக்கிறதா இல்லையா என்பது வேறு செய்தி. அது அவரையும் கேட்காது, என்னையும் கேட்காது.

உங்கள் பள்ளியிலேயே இதைச் சோதிக்கலாம். மூடிய பத்துப் பானைகளில் ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊற்றி, மற்றவற்றில் அதே எடைக்கு மணல் நிரப்புங்கள். சீட்டுக் குலுக்கி எது எங்கே என்று முடிவு செய்யுங்கள். வைத்தவர் வெளியே போய்விட வேண்டும். ஏனெனில் விடை தெரிந்தவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை தடவை சரி, எத்தனை தடவை தவறு என்பதை, தவறை ஒன்றுகூட விடாமல், எழுதிக்கொண்டே வாருங்கள்.

நிலவியலார் கையாளும் மின்தடை முறையும் பிழையே செய்யாதது அன்று. தரையில் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி அளக்கிறார்கள். ஈரமான பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆனால் களிமண்ணும் அப்படியே கடத்தும்; உவர்நீர் இன்னும் நன்றாகக் கடத்தும். ஆகவே கருவி காட்டியதை நல்ல நீர் என்று உடனே எழுதிவிடுவதில்லை. பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும், நீர் வராமல் மூடிய துளைகள் எங்கே என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே இடம் சொல்கிறார்கள்.