நுண்பொருளியல் மேற்படிப்பு: பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?



பொருளியலில் பட்டம் பெற்று வீடு திரும்பிய பிள்ளை, "மேலே படிக்கப் போகிறேன், நுண்பொருளியல் கோட்பாடு" என்று சொன்னால் பெற்றோர் திகைப்பது இயல்புதான். வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் இது என்ன புதுப் படிப்பு? வங்கிக் கணக்கா, பங்குச் சந்தையா? இரண்டும் அல்ல. ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு தோட்டம் எப்படி முடிவெடுக்கிறது, அந்த முடிவுகளிலிருந்து விலையும் கூலியும் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்வதே நுண்பொருளியல். பட்டப் படிப்பில் இதைக் கோடு போட்டுப் படம் காட்டி விளக்கிவிடுவார்கள். மேற்படிப்பில் படம் செல்லாது. ஒவ்வொன்றையும் கணிதத்தால் நிறுவிக் காட்ட வேண்டும்.

மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் என்னும் மூவர் 1995-இல் வெளியிட்ட நூல் பல பல்கலைக்கழகங்களில் இதற்குப் பாடநூலாக இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். புரட்டினால் எழுத்தைவிடக் குறியீடுகளே கண்ணில் படும். ஆனால் அதன் 14-ஆவது அத்தியாயம் சொல்லும் செய்தி நமக்குப் புதியதன்று. முதலாளியும் அவருக்காக உழைப்பவரும் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பற்றியது அது.

ஒரு ரப்பர்த் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். எடைக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி என வைப்போம். நல்ல நாளில் 80 வெள்ளி, மழை நாளில் 20 வெள்ளி. பாதி நாள் வெயில், பாதி நாள் மழை என்றால் சராசரி 50 வெள்ளி. (தொகைகள் கணக்குக்காகச் சொல்வதுதான்.) "மழையோ வெயிலோ, தினம் 47 வெள்ளி தருகிறேன்" என்று முதலாளி சொன்னால் பல குடும்பங்கள் சரி என்றுதான் சொல்லும். சராசரியில் 3 வெள்ளி குறைந்தாலும், மழை நாளில் அரிசிக்குக் கடன் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? பல இடங்களில் தோட்டம் வைத்திருக்கும் முதலாளிக்கோ இங்கே மழை என்றால் அங்கே வெயில். ஆகவே மழையின் சுமையை அவர் தாங்குவதே இருவருக்கும் நன்மை.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. பால் குறைந்தால், மழையால் குறைந்ததா, வேலையில் கவனக்குறைவால் குறைந்ததா என்று முதலாளிக்குத் தெரியாது. ஒவ்வொரு நிரையிலும் பின்னாலேயே நடக்க முடியுமா? எனவே நாள் கூலியோடு எடைக்கும் ஒரு பங்கு சேர்க்கிறார். அந்தப் பங்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் மாணவருக்குத் தரப்படும் கணக்கு. இரண்டு நிபந்தனைகள் உண்டு: தொழிலாளி இந்த வேலையை ஏற்க மனம் கொள்ள வேண்டும்; ஒழுங்காக உழைப்பது அவருக்கே இலாபமாகவும் இருக்க வேண்டும்.

1974-இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரச் சாகுபடியை இதே முறையில் ஆராய்ந்தார். 1979-இல் பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம் எழுதிய கட்டுரை இன்னும் ஒருபடி மேலே சென்றது. உழைப்பைப் பற்றி எந்தத் தகவலும் தராத ஒன்றோடு கூலியைப் பிணைத்தால், தொழிலாளியின் தலையில் சுமை ஏறுமே ஒழிய உழைப்பு கூடாது என்று அதிலிருந்து விளங்குகிறது. ரப்பர் விலையோடு கூலியைப் பிணைத்த ஒப்பந்தங்கள் நம் நாட்டில் இருந்திருக்கின்றன. உலகச் சந்தையில் விலை இறங்கினால் அது பால் மரம் வெட்டுகிறவரின் குற்றமா? இக்கேள்விக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தவர் ஹோம்ஸ்ட்ரோம். 2016-இல் அவருக்கும் ஆலிவர் ஹார்ட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1991-இல் அவரும் பால் மில்குரோமும் வேறொன்றைக் காட்டினார்கள். ஒருவர் செய்யும் பல வேலைகளில் அளக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுத்தால் மற்றவை கெடும். பாலின் எடையைத் தராசு சொல்லும். பட்டையில் விழும் காயத்தைச் சொல்லாது. எடைக்கு மட்டுமே கூலி என்றால் வெட்டு ஆழமாகப் போகும். மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். கங்காணி காயம் பார்த்துத் திரிவதற்குக் காரணம் இதுதான்.

என் கருத்தில், தோட்டத்துப் பிள்ளை இந்தப் பாடத்துக்குக் கொண்டுபோகும் முதலே வேறு. "வேலையை ஏற்க மனம் கொள்ள வேண்டும்" என்ற முதல் நிபந்தனையைப் பாடநூல் ஓர் எழுத்தால் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த எழுத்தின் அளவு என்ன என்பது லயத்து வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியும். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் உள்ளவர், எவ்வளவு குறைந்த கூலிக்கும் தலையாட்டத்தான் வேண்டியிருக்கும். அந்த எண் சிறுத்தால் கூலியும் சிறுக்கும் என்று அதே சூத்திரம் சொல்கிறது. சொந்த வீடு கூலியையும் உயர்த்தக்கூடும் என்பது இதிலிருந்து தானாக வருகிறது.

இனி, படிக்க விரும்புவோர்க்கு. வாசல் கணிதம்தான். நான்காம் படிவத்திலேயே கூடுதல் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். பட்டப் படிப்பில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், முடிந்தால் மெய்ப்பகுப்பாய்வு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் வரும் கணக்குகளை நண்பர்களோடு கூடிப் போடுங்கள்; தனியாக மல்லுக்கட்டிச் சோர்ந்தவர்கள் பலர்.

பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்குக் கட்டண விலக்கும் கற்பித்தல் உதவிக்கு ஊதியமும் தருவது வழக்கம். முதுகலைக்கோ பெரும்பாலும் கைப்பணம்தான். ஆகவே சேருமுன், உதவித் தொகை எத்தனை ஆண்டுக்கு, முதலாண்டு முடிவில் வரும் தகுதித் தேர்வில் தவறினால் அது நின்றுவிடுமா என்ற இரண்டையும் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.