குளத்து நீரை ஆராயும் பணி

மந்தைவெளிக்கு அருகிலுள்ள மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தைப் பக்தர்கள் தீர்த்தமாகப் போற்றுகையில், நன்னீர்ச் சூழலியலாளர், அதாவது ஆறு, ஏரி, குளங்களில் வாழும் உயிர்களுக்கும் நீரின் தன்மைக்கும் உள்ள உறவை ஆராய்பவர், அதனை ஓர் உயிர்ச்சூழலாகவும் காண்கிறார்.

இத்துறைக்குத் தமிழகத்தில் நெடிய மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்திய எம்.ஓ.பி. அய்யங்கார், 1932-இல் ஃபிரிட்ஷியெல்லா என்னும் பாசியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்; எஸ்.வி. கணபதி, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாக மண்டிக்கிடந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலை 1940-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

பாசி மிகுந்த குளத்தில் பகலில் ஒளிச்சேர்க்கையால் பெருகும் கரைந்த ஆக்சிஜன், இரவில் பாசியும் பிற உயிர்களும் சுவாசிப்பதால் குறைந்து, விடியற்காலையில் மீன்களை மூச்சுத்திணறச் செய்யக்கூடும் என்பதால், ஆய்வாளர் நண்பகலில் மட்டுமன்றி இருள் பிரியுமுன்பும் நீரை அளக்க வேண்டியிருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டப்பட்ட செக்கித் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்து, நீரின் தெளிவை அவர் மதிப்பிடுகிறார்.

விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றோர் பல்கலைக்கழகங்களிலும் மீன்வள ஆய்வு நிறுவனங்களிலும் இப்பணியை மேற்கொள்கின்றனர். குளத்தைத் தூர்வாருவதோடு நில்லாமல் அதன் உயிர்களையும் மீட்க வேண்டுமெனில், இவர்களின் அளவீடுகளே ஒவ்வொரு சீரமைப்புத் திட்டத்திற்கும் அடித்தளமாக அமைய வேண்டும்.